ஏழு சீட்டு வண்டியின் கடைசி வரிசை

வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஐம்பது வயதைத் தாண்டியவன் நான். கண்ணாடி, தொப்பை, இரண்டும் உண்டு. புனேவுக்கு வெளியே ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையில் எனக்குக் கீழே ஒரு பிரிவே வேலை செய்கிறது. அப்படிப்பட்டவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிவதற்குக் கொஞ்சம் முன்னால், எங்கள் அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில், என் சொந்த வண்டியின் கடைசி சீட்டில், பழைய போர்வையைத் தலைவரை மூடிக்கொண்டு ஒளிந்து கிடந்தேன். வண்டியில் கீறல் போடுகிற ஆளைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்காக.

அந்த நிலைமைக்கு எப்படி வந்தேன் என்பதற்கு, அந்த வண்டியை ஏன் வாங்கினேன் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்களிடம் முன்பு ஒரு சின்ன கார் இருந்தது. என் பெயரில்தான் இருந்தது, ஆனால் ஓட்டியது என் மனைவி. அவள் கட்கியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். காலை ஏழு மணிக்கெல்லாம் முதல் மணி அடித்துவிடும். எங்கள் வீடு இருக்கிற கோந்த்வாவிலிருந்து கட்கிக்கு அவள் அந்தச் சின்ன வண்டியில் போவாள். நான் எதிர்த் திசையில் கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே ரஞ்சன்காவ் போவேன். யாருக்கும் ஒரு குறையும் இல்லை. குறை இல்லாமல் இருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

என் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லாம் சொந்தக் காரில் வந்து இறங்கினார்கள். பஸ்ஸிலிருந்து டிபன் பையோடு இறங்கும் என்னைப் பார்த்து "குட் மார்னிங் சார்" என்பார்கள். அந்த 'சாரில்' ஏதோ இருக்கிறது என்று எனக்குப் பட்டது. இன்னொரு பக்கம் சொந்தக்காரர்கள். புனேயில் இருக்கிற ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் போர்டு மாட்டாத டிராவல் ஏஜென்சிதான். கோயமுத்தூரிலிருந்து வருகிறவர்கள் நம்மைப் பார்க்க வருவதில்லை. ஷீரடிக்கு வருகிறார்கள், நாம் வழியில் இருக்கிறோம். ஒவ்வொரு முறையும் வாடகை வண்டி பிடித்துக் கொடுத்து அலுத்துப்போனது. அதனால் ஒரு நாள் ஷோரூமுக்குச் "சும்மா பார்க்க" போன நான், ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டியைப் பதிவு செய்துவிட்டு வந்தேன். சின்ன வண்டியை அங்கேயே எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாயிற்று. மனைவியிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள் என்று தெரிந்தவன் எதற்குக் கேட்கிறான்?

வண்டியைப் பார்த்ததும் அவள், "என்னோட வண்டி எங்கீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"இதுதான் இனிமே நம்ம வண்டி. உனக்கும் பாதுகாப்பு. நானே உன்னைத் தினமும் ட்ராப் பண்றேன்."

"நீங்க அக்கட்டால போறீங்க, நான் இக்கட்டால போறேன். எப்படி ட்ராப் பண்ணுவீங்க?"

மூன்று நாள் கொண்டுபோய் விட்டேன். நான்காவது நாள் எனக்கு ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்று கேப் பிடித்துப் போகச் சொன்னேன். விடியற்காலையில் கோந்த்வாவில் கேப் கிடைப்பது பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த மூன்று நாளைத் தவிர அந்த நேரத்தில் நான் விழித்திருந்ததே இல்லை. வருகிறேன் என்பான், ரத்து செய்வான். அவள் பள்ளிக்குத் தாமதமாகப் போக ஆரம்பித்தாள். தலைமை ஆசிரியை கூப்பிட்டு, இனியும் தாமதமானால் பத்தாம் வகுப்பை வேறொரு டீச்சருக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். எட்டாம் வகுப்பிலிருந்து அவள் கூடவே கொண்டுவந்த பிள்ளைகள். இந்த வருடம் பொதுத்தேர்வு. சாப்பாட்டு மேஜையில் அவள் இதைச் சொன்னபோது நான் "ம்" என்றேன். காதில் விழுந்தது. ஆனால் மனம் வேறு இடத்தில், பார்க்கிங்கில், இருந்தது.

பெரிய வண்டியின் நன்மைகளைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். மழைக்காலத்தில் ரோட்டில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது மற்றவர்கள் நின்று யோசிப்பார்கள். நான் யோசிக்கவே மாட்டேன். குழிகள் எனக்குச் செய்தித்தாளில் படிக்கிற விஷயம் மாதிரி ஆகிவிட்டன. ரஞ்சன்காவ் போகிற நகர் ரோட்டில் லாரிக்காரன் பக்கத்தில் வரும்போது அவன் கண்ணும் என் கண்ணும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் சந்திக்கும். அவன் ஒதுங்க மாட்டான், ஆனாலும் ஒரு மரியாதையோடு ஒதுங்காமல் இருப்பான். கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி சல்யூட் வைத்தார். அவர் என்னைப் பார்த்து வைத்தாரா, வண்டியைப் பார்த்து வைத்தாரா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

தீமைகளை ஆரம்பத்தில் நான் தீமைகளாக எடுத்துக்கொள்ளவில்லை, சதி என்றே நினைத்தேன். கோந்த்வாவின் சந்துகளில் தண்ணீர் டேங்கர் எதிரே வந்தால் பின்வாங்க வேண்டியது எப்போதும் நான்தான். டேங்கர்காரன் வேண்டுமென்றே என்னைப் பார்த்துத்தான் வருகிறான் என்று தோன்றும். உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் பக்கத்தில் வரும் ஸ்கூட்டர்கள் கண்ணுக்கே தெரியாது. திடீரென்று ஜன்னலுக்குக் கீழேயிருந்து ஒரு ஹெல்மெட் முளைத்து மராத்தியில் திட்டும். ஏழு சீட்டில் ஆறு சீட்டு தினமும் ரஞ்சன்காவ் போய்ச் சும்மா திரும்பி வந்தது. ஷீரடிக்காரர்கள்? அவர்கள் இப்போது ஊரிலிருந்து நேராக ஷீரடிக்கே விமானத்தில் போய் இறங்கிவிடுகிறார்கள். நான் வண்டி வாங்கிய செய்தி தெரிந்துதான் இப்படிச் செய்கிறார்களோ என்றும் யோசித்தது உண்டு.

பெரிய தொல்லை பார்க்கிங். எனக்கு ஒதுக்கிய கட்டம் சின்ன வண்டிக்குப் போட்டது. புது வண்டி ஒரு பக்கம் தூணை ஒட்டி நின்றது, இன்னொரு பக்கம் பக்கத்து வீட்டுக்காரரின் இடத்துக்குள் ஒரு சாண் நுழைந்தது. அவரிடம் இருப்பது ஒரு மஞ்சள் ஸ்கூட்டர். புனேக்காரர்களுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார்கள், போர்டு எழுதி மாட்டுவார்கள். அடுத்த வாரமே சுவரில் ஒரு அட்டை தொங்கியது. மராத்தியில், அழகான கையெழுத்தில்: "யானை வளர்ப்பவர்கள் கொட்டகையையும் சேர்த்து வாங்கவும். எங்கள் ஸ்கூட்டருக்கும் சுயமரியாதை உண்டு."

லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் அவர், "காய் அண்ணா, ஹத்தி கசா ஆஹே?" என்பார். என்ன அண்ணா, யானை எப்படி இருக்கிறது என்று அர்த்தம். நான் சிரித்துவைப்பேன். உள்ளே எரியும்.

இந்தச் சமயத்தில்தான் வண்டியின் இடது பக்கத்தில் முதல் கீறல் வந்தது. முழங்கால் உயரத்தில், கையளவு நீளம். ஒரு வாரம் கழித்து அதன் மேலேயே இன்னொன்று. அப்புறம் மூன்றாவது. உட்கார்ந்து மூக்கு படுகிற தூரத்தில் பார்த்தேன். கீறலுக்குள் மஞ்சள் பெயிண்ட். மஞ்சள் ஸ்கூட்டர்! பார்க்கிங் தூணிலும் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை அடித்திருந்தார்கள்தான். ஆனால் தூண் நடந்து வந்து உரசாது அல்லவா? நான் நிறுத்திவிட்டுப் போன இடத்திலேயேதான் காலையிலும் வண்டி நின்றது. ஆக, யாரோ வந்து போகிறார்கள். எனக்கு இதற்கு மேல் ஆதாரம் தேவைப்படவில்லை.

வாட்ச்மேனைக் கேட்டேன். "நான் கேட்டைத்தான் சார் பாப்பேன்" என்று சிரித்தான். அவனையும் பட்டியலில் சேர்த்தேன். அபார்ட்மெண்ட் சொசைட்டியின் கேமரா மழையில் கெட்டது, இன்னும் சரிசெய்யவில்லை. ஏன் சரிசெய்யவில்லை? செயலாளரிடம் நேரில் போய்க் கேட்டு, அவரையும் சேர்த்தேன். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரரையே நிறுத்தி, "ராத்திரியில உங்க ஸ்கூட்டரை எங்க வைக்கறீங்க?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மராத்தியில் ஏதோ பதில் சொன்னார். கிண்டல் என்று மட்டும் புரிந்தது.

வீட்டிலும் ஒரு சின்ன மாற்றம். மனைவி பள்ளி இல்லாத நாட்களில் விடியற்காலையில் வாக்கிங் போக ஆரம்பித்திருந்தாள். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வருவாள், துளி வியர்வை இருக்காது. வியர்க்காமல் என்ன வாக்கிங் என்று ஒரு கணம் நினைத்தேன். புனே குளிர் என்று விட்டுவிட்டேன். என் சந்தேகம் அந்த ஒரு இடத்தில் மட்டும் நிற்காமல் போய்விட்டது.

அப்படியாக அந்த ஞாயிறு. குறட்டை காரணமாக நான் வெளியூரில் வேலை பார்க்கும் மகளின் அறையில் படுப்பது வழக்கம். அதனால் எழுந்து போனது யாருக்கும் தெரியாது. வண்டிக்குள் ஏறி, உள்ளேயே பூட்டிக்கொண்டு, கடைசி வரிசைக்கு முழங்காலும் முதுகும் முனகப் போய்ச் சேர்ந்தேன். அந்த வரிசையில் அன்றுதான் முதன்முதலாக ஒரு மனிதன் இடம்பிடித்தான். ஜன்னல்களுக்கு வெயில் மறைக்கும் துணித் திரை இருந்தது. போர்வையை மூடி, போனில் கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டு, குற்றவாளிக்காகக் காத்திருந்தேன். பெரிய வண்டியின் இன்னொரு நன்மையையும் குறிப்பிட வேண்டும்: கடைசி சீட்டில் தூக்கம் பிரமாதமாக வருகிறது.

கதவு சாத்துகிற சத்தத்தில் விழித்தேன். இன்ஜின் உறுமியது. என் வண்டியை யாரோ திருடுகிறார்கள்! எழுந்து கத்தலாமா, திருடனிடம் கத்தி இருந்தால் என்ன செய்வது என்று யோசித்தேன். யோசிக்கத் தொடங்கிய ஆள் கத்த மாட்டான். போர்வையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

திருடன் பேசினான். "மருதமலை முருகா, இன்னைக்கு மட்டும் அந்தத் தூண் மேல போகாம பாத்துக்கப்பா."

திருடன் எங்கள் ஊர்க்காரன். குரல் எனக்கு இருபத்தைந்து வருடப் பழக்கம்.

பக்கத்து சீட்டிலிருந்து இன்னொரு குரல் வந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் மனைவி. என் மனைவி அவரைத் தாயி என்பாள், மராத்தியில் அக்கா. இருவரும் ஹிந்தியில் பேசிக்கொள்வார்கள். தாயியின் ஹிந்தியில் பாதி மராத்தி, என் மனைவியின் ஹிந்தியில் முழுக்கக் கோயமுத்தூர். நான் தமிழிலேயே சொல்கிறேன்.

"இந்தப் பக்கக் கண்ணாடிய நான் பாத்துக்கறேன். நீ முன்னாடி பாரு. வா, வா, இன்னும் வா... நில்லு, நில்லு!"

கர்ர்ர்ர் என்று என் காதுக்குப் பக்கத்தில் சத்தம். என் பல்லில் உரசியது போல இருந்தது.

"பட்டுருச்சா தாயி?"

"லேசா. போன தடவைய விடக் கொஞ்சம் மேல."

வண்டி வெளியே வந்துவிட்டது. இப்போது எழுந்தால் அவள் பயந்து எங்காவது கொண்டுபோய் இடித்துவிடுவாள் என்று நினைத்தேன். அது உண்மைதான். கண்ணியமாக எழுந்திருக்க எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை என்பதும் உண்மை. திரையின் இடுக்கில் தெரு விளக்குகளும் மரங்களின் உச்சியும் போய்க்கொண்டிருந்தன. ஏற்றம் வந்தது; லுல்லாநகர் மேம்பாலம் என்று முதுகுக்குத் தெரிந்தது.

"அண்ணா தூங்கறாரா?" என்று தாயி கேட்டார்.

"பொண்ணு ரூம்ல. இன்னைக்குக் கொறட்டைச் சத்தமே இல்ல. நல்ல தூக்கமாட்ட இருக்குது."

"நேத்து எங்க வீட்டுக்காரர நிறுத்தி, ராத்திரி ஸ்கூட்டர எங்க வைக்கறீங்கன்னு போலீஸ் மாதிரி கேட்டாராம்."

"ஐயோ! அவரு என்ன சொன்னாராம்?"

"எனக்கும் என் பொண்டாட்டிக்கும் நடுவுல, கட்டில் மேலன்னு சொன்னாராம்."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் வண்டியே ஒரு முறை ஆடியது. போர்வைக்குள் நான் மட்டும் சிரிக்கவில்லை.

"பாவம்டி. சொல்லிட வேண்டியதுதானே அவர்கிட்ட?"

"சொன்னா பக்கத்துல வந்து உக்காந்துக்குவாரு தாயி. கிளட்ச்சு எதுக்கு, பிரேக்கு எதுக்குன்னு ஆரம்பிப்பாரு. அந்தச் சின்ன வண்டிய இத்தனை வருசம் நான்தானே ஓட்டினேன்? கேக்காம கொள்ளாம வித்துப்போட்டு வந்து, உனக்குப் பாதுகாப்புங்கறாரு. இருட்டுல ரோட்டோரமா நின்னுட்டு, வராத கேப்புக்குக் காத்துட்டு இருக்கறது பாதுகாப்புங்களா?"

என் மனைவியே தொடர்ந்தாள். "நாளைக்கு நானே ஓட்டிட்டுப் போயிருவேன். இன்னொரு நாள் லேட்டானா பத்தாங்கிளாஸ் கைய விட்டுப் போயிரும். பரீட்சை வருசத்துல அந்தப் புள்ளைங்கள இன்னொருத்தர் கைல குடுக்க மாட்டேன் தாயி."

"அப்ப அண்ணா எதுல போவாரு?"

"கம்பெனி பஸ்ஸு இன்னும் வந்துட்டுத்தானே இருக்குது? இன்னைக்குச் சாயங்காலம் சொல்லிக்கறேன். மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாரு. வெச்சுக்கட்டும்."

ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். தூணைத் தாண்டிய பிறகு அவள் நன்றாக ஓட்டினாள். நான் திடுக்கென்று பிரேக் அடிக்கிற இடங்களில் எல்லாம் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. கேம்ப் போனது, ஸ்டேஷன் போனது, சங்கம் பாலத்துக் காற்று வந்தது. மெட்ரோத் தூண்கள் ஒவ்வொன்றாக வானத்தை மறைத்துவிட்டு விலகின. கட்கி. வண்டி ஒரு சந்துக்குள் திரும்பி நின்றது.

"வந்தாச்சு! ஒரு எடத்துலயும் இன்ஜின் நிக்கல, பாத்தீங்களா?" என்றாள். இந்தக் குரலை நான் வீட்டில் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது.

"சரி, இப்பத் திருப்பணுமே. நாளைக்கு இங்கதான் கஷ்டம். இரு, நான் எறங்கிப் பாக்கறேன்." தாயி இறங்கிப் போனார்.

வண்டி பின்னால் வரத் தொடங்கியது. பீப், பீப் என்று சென்சார். நான் மெல்லத் தலையைத் தூக்கிப் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துச் சுவர் பெரிய பெரிய நீல எழுத்துகளோடு என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. பீப்பீப்பீப். அவளுக்குத் தெரியவில்லை! இடிக்கப் போகிறாள்! எனக்குத் தோன்றியதைச் செய்தேன். போர்வையோடு எழுந்து, "ஸ்டாப்! ஸ்டாப்!" என்று அலறினேன்.

அவளும் அலறினாள். பிரேக்குக்குப் பதில் ஆக்சிலரேட்டரில் கால் அழுந்தியது. வண்டி ஒரு துள்ளு துள்ளிச் சுவரில் போய் உட்கார்ந்தது. பின் விளக்கு உடைகிற சத்தம் எனக்கு மிக அருகில் கேட்டது. அடுத்த நொடி பக்கவாட்டுக் கதவு திறந்தது. "சோர்! சோர்!" என்று, திருடனைக் கண்டதுபோல் கத்திக்கொண்டே தாயி ஸ்டீல் தண்ணீர் பாட்டிலால் போர்வையை அடிக்க ஆரம்பித்தார். போர்வைக்குள் நான் இருந்தேன்.

"தாயி, நான்தான்! நான்தான்!"

அதற்குப் பிறகும் ஒரு அடி விழுந்தது. அது தெரிந்தே விழுந்தது என்பது என் எண்ணம்.

என் மனைவி திரும்பிப் பார்த்தாள். கை ஸ்டியரிங்கில்தான் இருந்தது. "ஏனுங்க... எப்ப இருந்து இங்க இருக்கறீங்க?"

"பார்க்கிங்லேருந்து."

"முருகான்னு சொன்னப்பவேவா?"

"ம்."

"எல்லாம் கேட்டீங்களா?"

"ம்."

அவள் முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு, திட்டாமல், கணக்கு சொல்லிக்கொடுக்கிற குரலில் சொன்னாள்: "பின்னால இன்னும் ஒரு முழத்துக்கு மேல எடம் இருந்துச்சுங்க. ரிவர்ஸ் கேமராவுல நல்லாத் தெரிஞ்சுட்டுத்தான் இருந்துச்சு. நிறுத்தப் போற நேரத்துலதான் நீங்க கத்துனீங்க."

நான் கழுத்தை நீட்டி அந்தத் திரையைப் பார்த்தேன்.

"எறங்குங்க. தாயி, நீங்களும் தள்ளி நில்லுங்க. யாரும் எனக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

இறங்கினேன். போர்வையும் கையில் வந்துவிட்டது. பால்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி என்னையும் போர்வையையும் பார்த்தார். அவள் வண்டியை முன்னால் எடுத்து, பின்னால் விட்டு, மறுபடி முன்னால் எடுத்து, அந்தச் சந்தில் முழுசாகத் திருப்பி நிறுத்தினாள். சுவரிலும் படவில்லை, சைக்கிளிலும் படவில்லை. ஜன்னலை இறக்கினாள்.

"ஏறுங்க. பின்னாடியே உக்காருங்க."

அவள் கோந்த்வா வரைக்கும் ஒரே சீராக ஓட்டினாள். சங்கம் பாலத்தில் தாயிக்கு மட்டும் ஒரு முறை சிரிப்பு வந்து, இருமலாக மாற்றிக்கொண்டார்.

திங்கட்கிழமை அவள் வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். முதல் மணி அடிக்கும் முன் வகுப்பில் இருந்தாள். பத்தாம் வகுப்பு அவளிடமே இருக்கிறது. நான் சிக்னலில் டிபன் பையோடு நின்று கம்பெனி பஸ் ஏறினேன். வண்டி எங்கே சார் என்று கேட்டவர்களிடம் சர்வீஸுக்கு விட்டிருக்கிறேன் என்றேன். யாரும் நம்பவில்லை என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. தூக்கம் வந்ததால் அதை ஆராயவில்லை.

அன்று சாயங்காலம் பார்க்கிங்கில் உடைந்த விளக்கின் மேல் டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பஸ்ஸிலேயே வசனம் தயார் செய்து வைத்திருந்தேன். என் மனைவியை அவர் பாபி, அதாவது அண்ணி, என்பார். ஹிந்தியில் ஆரம்பித்தேன்: "பாய்சாஹேப், உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேன்..."

அவர் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"அத விடுங்கண்ணா. என்னச் சந்தேகப்பட்டீங்க, வாட்ச்மேனச் சந்தேகப்பட்டீங்க, செக்ரட்டரியச் சந்தேகப்பட்டீங்க. இன்னொரு சாவி பாபி கைல இருக்குன்னு தெரியும், அவங்கள மட்டும் சந்தேகப்படல. நம்பிக்கைன்னு நெனச்சுக்காதீங்க. அவங்களால இத ஓட்ட முடியும்னே உங்களுக்குத் தோணல."